மரத்துக்குக் குளிர்ந்தால்

தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கண்ணகை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். மார்கழி விடியலில் எண்ணெய் வெள்ளையாக இறுகிப்போய், போத்தலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. கட்டிலில் கிடந்த அப்பாவின் பாதங்களுக்குப் பூச வேண்டும். நேற்றிலிருந்து முழங்காலுக்குக் கீழே அவர் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

"இறுகிட்டா?" என்று சாமித்தம்பி கேட்டார்.

அவர் விழித்திருக்கிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"ஓம் அப்பா. கொஞ்சம் பொறுங்க, இளகிரும்."

"நல்லெண்ணெய் எண்டா இறுகாது," என்றார். அதைச் சொல்லி முடிக்க மூன்று தரம் மூச்சு வாங்கினார்.

பதினொரு நாளாக அவள் தேடிக்கொண்டிருந்த வாசல் அது. சுவீடனிலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் ஒரே ஒரு விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கண்ணகை காத்திருந்தாள். அவர் விழித்திருந்தால் ஆட்கள் பார்க்க வருவார்கள். ஆட்கள் போனால் இருமல் வரும். இருமல் அடங்கினால் அசந்துவிடுவார். முந்தநாள் ஆஸ்பத்திரியில், இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாவற்குடாவில் அவர்கள் வீட்டு முன்னறையில், யன்னலோரமாகக் கட்டிலைப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். இன்று சொல்லாவிட்டால் இனிச் சொல்ல நாள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

சொல்ல வேண்டியது பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. ஆறு வருடத்துக்கு முன், மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் அவள் கொழும்பு பஸ்ஸில் ஏறப்போகும்போது, "அங்க போய் என்ன மகள் படிக்கப் போறாய்?" என்று அப்பா கேட்டார். "குளிருக்குள்ள மரம் எப்படிச் சாகாம நிக்குது எண்டு," என்றாள். "எப்படி நிக்குது?" என்று கேட்டார். கையில் இரண்டு பை, கடவுச்சீட்டைக் காணவில்லை என்ற பதற்றம். "அது உங்களுக்கு விளங்காது அப்பா," என்று சொல்லிவிட்டுப் பையைத் துழாவினாள். கடவுச்சீட்டு அதற்குள்ளேதான் இருந்தது.

அப்போதே இருபத்தைந்து வருடம் ஐஸ் பக்டறியில் வேலை செய்திருந்த மனிதனிடம், குளிரைப் பற்றி உங்களுக்கு விளங்காது என்று சொல்வதற்கு எவ்வளவு படிப்பு வேண்டும் பாருங்கள். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள், அத்தோடு முடிந்திருக்கும். அவரோ மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதை அப்படியே எடுத்துக்கொண்டார். யாராவது "மகள் அங்க என்ன செய்யிறா?" என்று கேட்டால், "என்னமோ மரம் படிக்கிறா, எனக்கு விளங்காது," என்று பெருமையோடு சொல்வாராம். அம்மா சின்னத்தங்கம் அதைப் பகிடியாகக் கடிதத்தில் எழுதியிருந்தாள். அதை வாசித்த அன்று கண்ணகைக்கு ஆய்வுகூடத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை.

எண்ணெய் ஓரங்களில் இளகத் தொடங்கியது.

"அப்பா, நான் அங்க படிக்கிறது இதைத்தான்," என்றாள்.

"எதை?"

"நல்லெண்ணெய் ஏன் இறுகாம நிக்குது எண்டதை."

சாமித்தம்பி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கண் தெளிவாக இருந்தது.

"மரத்துக்குள்ள முழுக்கச் சின்னச் சின்ன அறை அப்பா. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு தோல் இருக்குது. அந்தத் தோல் ஒரு மாதிரி எண்ணெயால ஆனது. எண்ணெய்க்கு வால் இருக்குது. வால் நேரா இருந்தா விறகு அடுக்கினமாதிரி நெருங்கிப் படுத்து இறுகிரும், இந்தத் தேங்காயெண்ணெய் மாதிரி. குளிர் வாறதுக்குள்ள மரம் அந்த வாலுகளை வளைச்சு விட்டிரும். வளைஞ்ச கொப்பு அடுக்குக்கு வராதெல்லோ. அதால தோல் இறுகாம இளக்கமா நிக்கும்."

"மரமே வளைக்குதோ?"

"மரமே வளைக்குது."

கண்ணகை அவர் பாதத்தில் எண்ணெய் பூசினாள். அடுக்களையில் அம்மா அகப்பையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அதுக்கு எப்படித் தெரியும், குளிர் வருதெண்டு?"

"ரெண்டு விதமாத் தெரியும். முதல், பகல் குறையிறத இலை அளந்து பாக்கும். குளிர் வர முதலே, நல்ல வெயிலுக்குள்ளயே மரம் வளர்றத நிப்பாட்டிரும். பிறகு முதல் குளிர் பட்ட உடனே தோல் கொஞ்சம் விறைக்கும். விறைச்ச அந்த நிமிசத்தில தோல்ல உள்ள குட்டிக் கதவுகள் திறந்து, சுண்ணாம்புச் சத்து உள்ள பாயும். அதுதான் செய்தி. அந்தச் செய்தி போய், அறைக்கு நடுவில இருக்கிற பெரிய கொப்பியில, குளிருக்கெண்டு எழுதி வச்ச பக்கத்தைத் திறக்கும். பிறகு அந்தப் பக்கத்தில என்ன சொல்லியிருக்குதோ அதைச் செய்யும்."

"அமோனியாக் கசிஞ்சா பக்டறியில மணி அடிக்கிறமாதிரி."

"அப்படித்தான். மணி அடிச்ச உடனே சீனியைச் சேர்க்கத் தொடங்கும். சீனி சேர்ந்தா தண்ணி லேசில உறையாது."

"எங்கட தொட்டியில உப்புப் போடுறமாதிரி," என்றார் சாமித்தம்பி. அவர் குரலில் ஒரு துள்ளல் வந்தது. "மைனஸ் பத்தில நிக்கும் அந்தத் தண்ணி. உறையாது. அதுக்குள்ள டின்ன இறக்கினா, டின்னுக்குள்ள நிக்கிற நல்ல தண்ணி மட்டும் கட்டியாகும்."

"இஞ்ச தேத்தண்ணிக்குச் சீனி இல்ல, அங்க மரத்துக்குச் சீனியாம்," என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. கண்ணகை அவரைச் சரித்துப் பிடித்து முதுகைத் தடவினாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் பட்டது.

இருமல் அடங்கியதும் அவர் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்.

"மைனஸ் பத்துக்குச் சீனி காணும். அங்க எவ்வளவு குளிர்?"

"சில நாள் முப்பது. நாங்க ஆய்வுகூடத்தில அந்த மரக்கொப்பை மெல்ல மெல்லக் குளிராக்கி நூத்தித் தொண்ணூத்தாறு வரைக்கும் கொண்டு போனம். பிறகும் துளிர்த்திச்சு."

"மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு."

"ஓம். அதே மரத்தை ஆவணி மாசத்தில மைனஸ் அஞ்சில வச்சா செத்திரும்."

சாமித்தம்பி கையை மெல்லத் தூக்கித் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். கோயிலில் திரை விலகும்போது அப்படி வைத்துக்கொள்வார்.

"அப்ப சீனி காணாதே," என்றார் பிறகு. "ஐஸ் கட்டத்தான் வேணும். எங்க கட்டுது?"

கண்ணகையின் கை நின்றுவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய பேராசிரியர் முதல் நாள் கரும்பலகையில் எழுதிய கேள்வியும் இதுதான். அன்று அவளுக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை.

"அறைக்கு வெளிய அப்பா. அறைக்கும் அறைக்கும் இடையில. மரம் வெளியில ஐஸ் கட்ட விடும், உள்ளுக்குக் கட்ட விடாது. வெளியில ஐஸ் கட்டக் கட்ட, அது உள்ளுக்கு இருக்கிற தண்ணியை இழுத்து எடுக்கும். அறை சுருங்கும். உள்ளுக்குச் சீனியும் உப்பும் தடிச்சுப் போயிரும், பிறகு அது உறையவே உறையாது."

"எங்கட டின்ன உள்ள வெளியாத் திருப்பி வச்சிருக்கு," என்றார் அவர். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எங்களுக்கு உள்ளுக்கு ஐஸ், வெளிய உப்புத் தண்ணி. அதுக்கு உள்ளுக்கு உப்புத் தண்ணி, வெளிய ஐஸ்."

அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கவில்லை. கண்ணகைக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்த மனிதனுக்கா விளங்காது என்று சொன்னோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஆனா மகள்," என்று அவர் தொடங்கி, மூச்சுக்காகக் காத்திருந்தார். "தண்ணி எல்லாம் வெளிய போனா, உள்ளுக்கு இருக்கிறது காஞ்சு சாகாதா? அது எப்படி நிக்குது?"

"அதுதான் அப்பா என்ட வேலையே. ஆறு வருசமா நான் பாத்தது அதைத்தான்."

சொல்ல வாயெடுக்கும்போது தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆமி வாகனம் வந்தது. நாவற்குடா சுற்றிவளைக்கப்பட்டிருக்கிறது, பதினைந்து வயதுக்கு மேல் ஐம்பதுக்கு உட்பட்ட எல்லோரும் அடையாள அட்டையோடு உடனே பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும், வீட்டில் ஒளிந்திருந்தால் கைது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனது. அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது, அவள் போகத் தேவையில்லை.

"போயிட்டு வா. போகாட்டி வீட்டுக்குள்ள வந்து அவரையும் உலுப்புவானுகள்," என்றாள்.

கண்ணகை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வந்து மிச்சத்தைச் சொல்றன் அப்பா," என்றாள்.

"ஓம். வா," என்றார் சாமித்தம்பி. "நான் யோசிச்சுக் கொண்டு கிடக்கிறன்."

மைதானத்தில் பெண்களைத் தனியாகவும் ஆண்களைத் தனியாகவும் வெயிலில் இருத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, சாக்கால் தலையை மூடி வாகனத்துக்குள் இருந்த ஒருவனுக்கு முன்னால் நின்று போக வேண்டும். அவன் தலையை ஆட்டினால் ஆமி பிடித்துக்கொண்டு போகும், ஆட்டாவிட்டால் வீட்டுக்கு விடும். முன்னே எழுநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வரிசை நகரவே இல்லை.

கண்ணகைக்குப் பயத்தை விட அவசரம்தான் பெரிதாக இருந்தது. மண்ணில் குந்தியிருந்தபடி, மிச்சத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். உள்ளே தண்ணீர் குறையக் குறைய மரம் ஒரு வகைப் புரதத்தைச் செய்கிறது. அதற்கு அவளுடைய துறைக்காரர்கள் வைத்த பெயரை அப்பாவிடம் சொல்லிப் பயனில்லை. அந்தப் புரதத்துக்கென்று ஓர் உருவமே கிடையாது, கொடியைப் போல நெளிந்துகொண்டு திரியும். அறை சுருங்கி, உள்ளே இருக்கும் சாமான்கள் ஒன்றோடொன்று இடித்து நொறுங்கப் போகும் நேரத்தில் அது இடையில் போய்ப் புகுந்துகொள்ளும். தண்ணீர் இருந்த இடத்தில் தான் இருக்கும். வசந்தத்தில் தண்ணீர் திரும்பி வரும்போது விலகிக்கொள்ளும். ஒன்றும் உடைந்திருக்காது. நுண்ணோக்கியில் அதை முதலில் பார்த்த அன்று, கதிரையிலிருந்து எழுந்து வெளியே போய், முழங்கால் வரைப் பனியில் நின்ற அந்த வெள்ளைப் பட்டை மரத்தைத் தொட்டுப் பார்த்தது நினைவு வந்தது. மரம் அசையாமல் நின்றது. அதற்குள் இவ்வளவும் நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவது மணித்தியாலத்தில் அவளுக்குச் சரியான வசனம் அகப்பட்டது. வீடு மாறும்போது பீங்கான் கோப்பைகளுக்கு இடையே வைக்கோல் அடைத்துப் பெட்டியில் வைப்பதில்லையா, அப்படித்தான் அப்பா, மரம் தனக்குள்ளே தானே வைக்கோல் அடைத்துக்கொள்கிறது. அப்பா இதைக் கேட்டதும் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. முன்னாலிருந்த பெண் திரும்பிப் பார்த்து, "உனக்கென்ன பைத்தியமாடி?" என்றாள்.

சாக்கு மூடியவன் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டவில்லை. வெளியே விட்டதும் ஓட்டமும் நடையுமாக வந்தாள். வளவுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கிழவிகள் இரண்டு பேர் தலைவிரித்து முற்றத்தில் நின்றார்கள். முன்னறையில் அம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தாள். அப்பாவின் நாடியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"எப்ப?" என்றாள் கண்ணகை.

"ஒரு மணித்தியாலம் இருக்கும். பால் பருக்கினன். ஒரு மிடறு உள்ள போச்சு."

"என்னைக் கேட்டவரா?"

"வந்திட்டாளா எண்டு கேட்டவர். வரல்ல எண்டன். சரி எண்டவர்."

கண்ணகை கட்டிலோரத்தில் இருந்து அவர் கையைப் பிடித்தாள். கையில் இன்னும் சூடு இருந்தது. காலில் அவள் பூசிய எண்ணெய் மினுங்கியது. ஆறு வருடம் இருந்தது. பதினொரு நாள் இருந்தது. இன்று காலையில்கூட, சீனியையும் மணியையும் விட்டுவிட்டு நேராக அதைச் சொல்லியிருக்கலாம். அவர் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் பதில் தெரியும். அதில் ஒருத்தி அவருடைய மகள். அவள் கோழிக்குஞ்சு போல மைதானத்தில் குந்தியிருந்தாள். அழுகை அப்போதுதான் வந்தது. வாய்விட்டு அழுதாள்.

அன்றைக்கே எடுக்க முடியாது என்று ஆயிற்று. ஆண்பிள்ளை இல்லாத சாமித்தம்பிக்கு அவருடைய தங்கை மகன் கோணாமலைதான் கொள்ளிக் கடமை செய்ய வேண்டும். அவன் வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலையில் இருந்தான். சுற்றிவளைப்பால் மண்முனைப் படகுத்துறையை மூடிவிட்டார்கள், நாளை பகலுக்குத்தான் திறப்பார்களாம். அதுவரை உடம்பு தாங்க வேண்டும். ஐஸ் எடுப்பிப்போம் என்று யாரோ சொன்னதும் சின்னத்தங்கம் நிமிர்ந்தாள்.

"முப்பத்தொரு வருசம் அந்தக் குளிருக்குள்ள நிண்டு நெஞ்சைப் பழுதாக்கின மனிசன். இண்டைக்கும் ஐஸா? இண்டைக்காவது சூடாக் கிடக்கட்டும்."

கடைசியில் கண்ணகைதான், உடம்பில் படாமல் கட்டிலுக்குக் கீழே மட்டும் வைப்போம் என்று சொல்லி அவளைச் சம்மதிக்கவைத்தாள்.

ஐஸைக் கேட்டு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. செய்தி கேள்விப்பட்ட முகைதீன்பாவா, பின்னேரம் நாலு மணிக்குத் தள்ளுவண்டியில் நான்கு கட்டிகளை உமியும் சாக்கும் போட்டு மூடித் தானே தள்ளிக்கொண்டு வந்தார். காத்தான்குடி முஸ்லிம், கண்ணகை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர். அப்பாவோடு அதே தொட்டியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் தமிழ், முஸ்லிம் இரண்டு ஊருக்கும் இடையில் போக்குவரத்தே அற்றுப்போன மாதங்கள் கழிந்து பக்டறி திறந்தபோது, முதல் நாள் வேலைக்கு வந்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான் என்று அம்மா சொல்லக் கண்ணகை கேட்டிருக்கிறாள்.

முகைதீன்பாவா கட்டிலருகே வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கட்டிகளை உள்ளே எடுக்கத் தொடங்கினார். மூன்றை வைத்துவிட்டு, நான்காவதைச் சாக்கோடு கண்ணகையின் முன்னால் இறக்கினார்.

"இது அவர்ட கட்டி புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போக முந்தின கிழம வெச்சது. மொதலாளி விக்கச் சென்னார், நான் விக்கல்ல. இத என்ன செய்யிற எண்டும் எனக்குத் தெரியா. அதான் கொண்டு வந்தன்."

சாக்கை விலக்கினார். கண்ணாடி போலிருந்த கட்டியின் நடுவில், வெண்மை படர்ந்த இடத்தில், இரண்டு வரிசையாகப் புளியங்கொட்டைகள் தொங்கின. ஒரு வரிசையில் வெள்ளை நூல், மற்றதில் சிவப்பு நூல்.

"வாற வழியில ஆமிக்காரன் சாக்கத் தூக்கிப் பாத்திட்டு, ஐஸுக்குள்ள குண்டு வெச்சிரிக்கெண்டு நெனச்சிட்டான்," என்றார் முகைதீன்பாவா. "புளியங்கொட்ட எண்டு சென்னா நம்புறானில்ல. அர மணித்தியாலம் மறிச்சி வெச்சான்."

"இது என்ன காக்கா?" என்றாள் கண்ணகை.

"ஒங்களுக்குத் தெரியாதா?" அவர் ஆச்சரியத்தோடு பார்த்தார். "நீங்க அங்க போன வரிசம் தொடங்கின. மகள் மரமும் குளிரும் படிக்கிறா, எனக்கு விளங்காதாம், அவ சொன்னா சரிதான், ஆனா எனக்கிட்ட தொட்டி இருக்கெல்லோ, நான் பாத்து விளங்கிறன் எண்டார். மொதல்ல பச்சக் கொப்புத்தான் வெச்சார். மா, வேம்பு எல்லாம் வெச்சார். இளகின ஒடனே கறுத்திரும். வாவிக்கரைக் கண்டல் மரத்தில உப்பு இரிக்கி, அது நிக்கும் எண்டு எனக்கிட்ட பந்தயம் புடிச்சார். அதும் ரெண்டு நாள்ல கறுத்திட்டு."

"பிறகு?"

"பொறகு ஒரு நாள், சோத்துப் பார்சல்ல இரிந்த புளியங்கொட்ட ஒண்டு டின்னுக்குள்ள விழுந்து கட்டியாப் போயிட்டு. அந்தக் கட்டிய ஒடச்ச எடத்தில, மழைக்கு அது மொளச்சிரிந்திச்சி. அதக் கண்டு ரெண்டு நாள் ஆரோடயும் கதைக்கல்ல மனிசன். மறுகா வரிசா வரிசம் இதான் வேல. பாதி கட்டினதுக்குப் பொறகு நடுவில கொட்டயத் தொங்க விடுவார். கொஞ்சம் காஞ்ச கொட்ட, கொஞ்சம் ஊற வெச்ச கொட்ட. எடுத்து மண்ணில போட்டுப் பாப்பார். ஊறினது ஒண்டும் மொளைக்கா. காஞ்சது எல்லாம் மொளைக்கும்."

கண்ணகை கட்டியைப் பார்த்தபடி இருந்தாள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கிற முறையை அவளுக்கு ஒரு பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுத்தது. இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"அவர் அதுக்கு என்ன சொன்னவர்?"

"'குளிர் இல்ல பாவா கொல்ற, தண்ணிதான். தண்ணிய விட்டுட்டு இரிக்கத் தெரிஞ்சது தப்பிரும்,' எண்டு சென்னார்." முகைதீன்பாவா கொஞ்சம் தயங்கினார். "அது சரியா புள்ள?"

அவளுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அதைத்தான் சொல்லியது. அதைச் சொல்ல அவளுக்கு நாற்பத்திரண்டு பக்கம் தேவைப்பட்டது. காய்கிற விதையும் பனியில் நிற்கிற மரமும் ஒரே வகைப் புரதத்தைத்தான் செய்கின்றன என்பதைக் கண்டபோது, அவளும் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

"சரி," என்றாள். "முழுக்கச் சரி காக்கா."

அவர் தலையை ஆட்டினார். ஒரு கடமை முடிந்தது போல உமியைக் கூட்டி அள்ளினார்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"வெக்கம். படிச்ச புள்ளக்கிட்ட ஐஸ் பக்டறிக்காரன் என்னத்தச் சொல்ற எண்டுவார். நீங்க வந்ததுக்குப் பொறகு கேக்கிறன் எண்டார். காஞ்சது நிக்கிது, ஆனா எப்படி நிக்கிதெண்டு மகளுக்குத்தான் தெரியும் எண்டார்."

வண்டியைத் திருப்பும்போது முகைதீன்பாவா நின்றார். "அந்த நூல் எது எதுக்கெண்டு எனக்குத் தெரியா புள்ள. அத அவர்தான் வெச்சிக் கொண்டிரிந்தார்," என்று சொல்லிவிட்டு, ஊரடங்குக்கு முன் வீடு சேர அவசரமாகப் போனார்.

காலையில் அப்பா கேட்ட கேள்வி, ஒன்றும் தெரியாதவர் கேட்டது அல்ல. பாதித் தூரம் தானாக நடந்து வந்து, மற்றப் பாதிக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று மணித்தியாலம் வெயிலில் குந்தியிருந்து அவள் திரட்டி வைத்த வைக்கோலும் பீங்கானும் அவரிடம் போய்ச் சேரவே இல்லை. அது அவளை அறுத்தது. ஆனால் அவரைப் பார்க்கப் பார்க்க, அறுப்புக்கு மேலாக வேறொன்று எழுந்தது. நாடிக்கட்டோடு கிடந்த அந்த ஒல்லி உடம்பை, பனிக்குள் நின்ற மரத்தைப் பார்த்ததுபோல வாயடைத்துப் பார்த்தாள்.

பொழுது சாய்ந்தது. வந்திருந்த பெண்கள் ஊரடங்குக்குப் பயந்து ஒவ்வொருவராகப் போனார்கள். ஒப்பாரி ஓய்ந்து வீட்டில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே, மற்ற மூன்றோடு கண்ணகை தள்ளி வைத்த அப்பாவின் கட்டியும் உருகித் தகரத் தாம்பாளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு தரம், சொட்டுச் சத்தம் அல்லாத இன்னொரு சத்தம் கேட்டது.

"ஒண்டு விழுந்திட்டு," என்றாள் சின்னத்தங்கம்.

கண்ணகை குனிந்து தாம்பாளத்துக்குள் கைவிட்டு எடுத்தாள்.

"எந்த நூல்?"

கண்ணகை தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெள்ளை."

"அது காஞ்சது," என்றாள் அம்மா. "சிவப்புத்தான் ஊறினது. நான்தானே கீறி ஊறப் போட்டு, நூல் கட்டிக் குடுக்கிறனான். உனக்குச் சொல்லப்படாதெண்டவர்."

கொட்டை கண்ணகையின் உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது.

"அது முளைக்கும். ஒரு பக்கமா வை," என்றாள் சின்னத்தங்கம். கையை ஊன்றி நகர்ந்து வந்து மகளுக்குப் பக்கத்தில், கட்டிலுக்குக் கீழே தெரியும்படியாக, இருந்துகொண்டாள்.